ஒளிநாடாவிலிருந்து இலக்கப் பதிவுக்கு: வீட்டுப் படங்களில் உறையும் பேச்சு

1. முன்னுரை

வீடியோ கேசட் என மக்கள் வழங்கும் ஒளிநாடாக்களில் பெரிதும் பரவிய வி.எச்.எஸ். முறை 1976ஆம் ஆண்டு சப்பானில் அறிமுகமாயிற்று. இந்தியாவில் 1982ஆம் ஆண்டு வண்ணத் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர், திருமணம், காதணி விழா, வளைகாப்பு போன்ற வீட்டு நிகழ்ச்சிகளை ஒளிநாடாவில் பதிவு செய்யும் வழக்கம் நகரங்களிலும் படிப்படியாகச் சிற்றூர்களிலும் பரவியது. இப்பதிவுகளில் மணமக்களின் உருவம் மட்டுமன்றி, அந்நாளில் அறுபது, எழுபது வயதினராக இருந்த முதியோரின் பேச்சும் அடங்கியுள்ளது. அவர்களுட் பலர் இன்று நம்மிடையே இல்லை.

இந்நாடாக்களை இலக்கமுறைக்கு மாற்றுதல் இன்று பல இல்லங்களில் நடைபெறும் செயலாகும். அம்மாற்றத்தில் எவை காக்கப்படுகின்றன, எவை இழக்கப்படுகின்றன, இழப்பைத் தவிர்க்கும் வழிகள் யாவை என்பன மொழியியல் நோக்கில் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

2. ஓர் இழப்பு

இக்கட்டுரையாளருடைய சித்தியின் திருமணம் 1989ஆம் ஆண்டு தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில் நடைபெற்றது. அது மூன்று மணி நேர நாடா ஒன்றில் பதிவு செய்யப்பட்டது. நலங்கின்போது ஆச்சி பாடிய பாடல்களும், பாடலில் வரும் ஒரு சொல் பற்றி அவருக்கும் உடனிருந்த பெண்டிருக்கும் இடையே எழுந்த வழக்காடலும், பந்தியில் விருந்தினரை முறை சொல்லி அழைத்து உபசரித்த பேச்சும் அதில் இருந்தன. ‘வந்தாவ’, ‘சொன்னாவ’ என்னும் நெல்லை வழக்கின் மரியாதை வடிவங்கள் இயல்பாக வந்து விழும் பேச்சு அது.

ஆச்சி மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னர், குடும்பத்தார் அந்நாடாவை ஒளிப்படக் கடை ஒன்றில் கொடுத்துக் குறுந்தட்டாக மாற்றினர். கடையினர் ‘தேவையற்ற பேச்சு’ எனக் கருதியவற்றை நீக்கி, திரைப்பாடல்களைப் பின்னணியில் சேர்த்து, ஐம்பது நிமிடப் படமாகத் தொகுத்துத் தந்தனர். படத்தில் ஆச்சி இருந்தார், அவருடைய வாய் அசைந்தது, குரல் இல்லை. நாடாவோ இனிப் பயனில்லை எனப் பழைய பொருள்களோடு போடப்பட்டுவிட்டது.

இதன்பொருட்டுக் கடையினரைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் வழக்கமாகக் கேட்கப்படுவதையே செய்தனர். பேச்சு வேண்டும் என்று எவரும் அவர்களிடம் சொல்லவில்லை. மொழியியல் பயின்ற இக்கட்டுரையாளரும் சொல்லவில்லை.

3. வீட்டுப் பதிவின் மொழியியல் மதிப்பு

கள ஆய்வாளர் முன் பேசுவோர் தம் பேச்சைத் திருத்திக்கொள்வர். ஆனால் ஆய்வாளருக்கு வேண்டுவதோ அவர் இல்லாதபோது நிகழும் பேச்சு. வில்லியம் லபோவ் இதனை உற்றுநோக்குநர் முரண் என விளக்கினார். வீட்டு ஒளிநாடா இம்முரணை முற்றும் நீக்குவதில்லை. ஒளிப்பதிவுக் கருவியைக் கண்டு நாணுவோரும் உண்டு. எனினும், விழாவின் பரபரப்பில் சிறிது நேரத்திற்குள் கருவியை மறந்துவிடுகின்றனர். விளிச்சொற்கள், உறவுமுறைப் பெயர்கள், சடங்குச் சொற்கள், கேலிப் பேச்சு ஆகியன வினாநிரல் கொண்டு பெற இயலாத இயல்போடு அப்போது வெளிப்படுகின்றன. யார் யாரை நோக்கி, எந்தச் சைகையுடன் பேசினார் என்பதும் உருவத்தால் விளங்குகின்றது. ஒலிநாடா மட்டும் இத்தகவலைத் தர இயலாது.

பேசுவோர் குறைந்த மொழிகளில் இம்மதிப்பு இன்னும் மிகுதி. அந்தமானில் போ மொழியின் இறுதிப் பேச்சாளர் 2010ஆம் ஆண்டு மறைந்தார். அம்மொழியின் பேச்சை இனிக் கேட்க விழைவோர்க்கு எஞ்சியிருப்பவை பதிவுகளே.

4. நாடாவின் அமைப்பும் அழிவும்

ஒளிநாடா என்பது பாலியஸ்டர் பட்டையின் மீது காந்தத் துகள்களை ஒருவகைப் பசையால் படியவைத்த பொருள். அப்பசை காற்றின் ஈரத்தை ஈர்த்து நாளடைவில் சிதைகின்றது. ஈரமிக்க இடங்களில் நாடாவின் மீது பூஞ்சை படர்கின்றது. வி.எச்.எஸ். நாடாவின் அகலம் அரை அங்குலம். உருவம் நாடாவின் நடுப்பகுதியில் சாய்ந்த கோடுகளாகப் பதிகின்றது. ஒலியோ பெரும்பாலான வீட்டுப் பதிவுகளில் விளிம்பை ஒட்டிய குறுகிய தடத்தில் பதிகின்றது. ஆகவே நாடாவின் விளிம்பு மடங்கினாலோ நைந்தாலோ முதலில் கெடுவது பேச்சே.

ஓலைச்சுவடியோடு ஒப்பிட்டால் இதன் இயல்பு விளங்கும். சுவடி சிதைந்திருந்தாலும் கண்ணால் படிக்கலாம். நாடா செம்மையாக இருந்தாலும் அதனை ஓட்டும் கருவியின்றிப் படிக்க இயலாது. வி.எச்.எஸ். கருவிகளை இறுதிவரை உற்பத்தி செய்துவந்த சப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016ஆம் ஆண்டு சூலையில் அவ்வுற்பத்தியை நிறுத்தியது. காந்த நாடாக்களுக்கு நேரவிருக்கும் இந்நிலை குறித்து 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆதரவுடன் உலகளாவிய எச்சரிக்கைத் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. இன்று கிடைப்பவை பழைய கருவிகளே. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தோரும் அருகி வருகின்றனர்.

5. மாற்றத்தில் நேரும் இழப்புகள்

5.1 உருவம்

இந்தியாவில் வழங்கிய பி.ஏ.எல். முறையில் ஒரு நொடிக்கு 25 சட்டங்கள் உண்டு. ஒவ்வொரு சட்டமும் இரண்டு அரைச்சட்டங்களால் ஆனது. ஒன்றில் ஒற்றைப்படை வரிகளும் மற்றொன்றில் இரட்டைப்படை வரிகளும் அமையும். இவ்விரண்டும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. ஐம்பதில் ஒரு நொடி இடைவெளியில் எடுக்கப்பட்டவை. எனவே ஒரு நொடியில் 50 வெவ்வேறு கணங்கள் பதிவாகின்றன.

கணினித் திரையில் வேகமான அசைவுகளின் ஓரம் சீப்புப் பற்களைப் போலத் தோன்றுவது இதனாலாகும். அதனை நீக்கப் பல மென்பொருள்கள் ஓர் அரைச்சட்டத்தை விட்டுவிடுகின்றன. படம் தெளிவாகின்றது, ஆனால் தகவலில் பாதி போய்விடுகின்றது. பகரத்தை ஒலிக்க இதழ்கள் மூடியிருக்கும் காலம் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு எனக் கொள்வோம். அரைச்சட்டங்கள் அனைத்தும் இருப்பின் அக்காலத்தில் ஐந்து கணங்களைக் காணலாம். ஒன்றை விட்டுவிட்டால் இரண்டு அல்லது மூன்றே எஞ்சும். இதழசைவையோ கையசைவையோ, குறிப்பாகச் சைகை மொழியையோ ஆராய்வோர்க்கு இது பெரிய இழப்பு.

5.2 ஒலி

விளிம்புத் தடத்தில் பதியும் ஒலியின் மேல் எல்லை ஏறத்தாழ 10,000 ஹெர்ட்சு. ஸகரம் போன்ற உரசொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்சுக்கு மேல் அமைவதால், நாடாவில் அவை முன்பே ஓரளவு மங்கியுள்ளன. இந்நிலையில் இரைச்சல் நீக்கும் வசதியைப் பயன்படுத்தினால், நாடாவின் இரைச்சலோடு உரசொலியும் சேர்ந்து தேய்கின்றது. எம்.பி.3 போன்ற சுருக்க முறைகள் செவிக்கு எட்டாது எனக் கணித்த கூறுகளை நீக்குகின்றன. கேட்பதற்கு அது போதும், அளப்பதற்குப் போதாது. தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பும் அழுத்தத்தைப் பற்றிய ஆய்வைப் பயனற்றதாக்கும்.

6. செய்ய வேண்டுவன

நாடாவை ஓட்டுமுன் அதன் முதுகுப்புறத்திலுள்ள சிறு தடுப்பை உடைத்துவிட வேண்டும். அவ்வாறு செய்தால் தவறுதலாக மேற்பதிவு நேராது. பூஞ்சை படர்ந்த நாடாவை ஓட்டலாகாது. ஓட்டினால் நாடாவும் கெடும், கருவியின் வழியாகப் பிற நாடாக்களுக்கும் பூஞ்சை பரவும். நல்ல நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னோட்டித் திரும்பச் சுற்றிய பின்னரே பதிவைத் தொடங்குதல் நன்று. வரிகள் நடுங்கினால் அவற்றை நேராக்கும் காலத் திருத்தக் கருவி பயன்படும்.

படம் 720 புள்ளி அகலமும் 576 வரிகளும் கொண்டதாக, இரு அரைச்சட்டங்களும் நீங்காமல் பதிவாக வேண்டும். ஒலி நொடிக்கு 48,000 மாதிரிகள் வீதம், சுருக்கப்படாமல் இருத்தல் வேண்டும். எவ்வகைச் சுருக்கமும் இல்லையெனில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 75 முதல் 95 கிகாபைட் இடம் தேவைப்படும். எஃப்.எஃப்.வி.1 என்னும் இழப்பற்ற சுருக்க முறை இதனைப் பெருமளவு குறைக்கின்றது. சுருக்கியதை விரித்தால் மூலம் ஒரு புள்ளியும் மாறாமல் கிடைக்கும்.

எல்லாவற்றினும் முதன்மையான விதி ஒன்றுண்டு. மூலப் பதிவும் தொகுத்த படியும் வேறு வேறாக இருத்தல் வேண்டும். மூலப் பதிவில் வெட்டுதல், சேர்த்தல், திருத்துதல் கூடாது. நாடாவின் தொடக்கம் முதல் முடிவு வரை உள்ளவாறே அமைதல் வேண்டும். அதிலிருந்து எடுத்த படியில் திரைப்பாடலும் சேர்க்கலாம், பேச்சையும் குறைக்கலாம். பதிப்பாசிரியர் தம் கருத்துக்கேற்பப் பாடத்தைத் திருத்தலாம். ஏட்டின் மீதே எழுதலாகாது. மூலப் பதிவின் இரண்டு படிகளை இரு வேறு இடங்களில் வைத்தலும், நாடாவை எறியாதிருத்தலும் இன்றியமையாதன.

7. விவரக் குறிப்பு

பதிவைக் காத்தால் மட்டும் போதாது. ஊர், ஆண்டு, நிகழ்ச்சி, பேசுவோர், அவர்தம் அந்நாளைய வயது, உறவு, வட்டார வழக்கு ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். பேச்சு வரும் இடங்களை மணி, நிமிடக் கணக்கில் குறித்தல் பயனுடையது. இப்பேச்சு வீட்டாருக்காகப் பேசப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. ஆய்வுக்கோ பிறர் பார்வைக்கோ தருமுன் பேசியோரிடமும், அவர் இல்லையெனில் அவர் குடும்பத்தாரிடமும் இசைவு பெறுதல் முறை.

8. முடிவுரை

இக்கட்டுரையாளரின் குடும்பத்தில் எஞ்சிய நாடா ஒன்றே. அது 1991ஆம் ஆண்டு நிகழ்ந்த வளைகாப்பின் பதிவு. மேற்கூறிய முறையில் அது முழுமையாக மாற்றப்பட்டது. ஆச்சியின் பேச்சு அதில் பதினொரு நிமிடம் வருகின்றது. நலங்குப் பாடல்கள் அதில் இல்லை. அவற்றை இனிப் பெற வழியில்லை. பின்னணியில் கேட்ட ஏழு குரல்களுள் ஐந்தனை அம்மா அடையாளம் கண்டார். மற்ற இரண்டனை அடையாளம் காணக்கூடியவராக இருந்த பெரியம்மா முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். நாடாவைப் போலவே அதனை விளக்கவல்லோரும் நிலையாக இருப்பதில்லை. ஆதலின் இப்பணியைத் தொடங்குவோர் நாடாவையும், அக்குரல்களை அறிந்த முதியோரையும் ஒருசேர அமர்த்திக்கொண்டு தொடங்குதல் வேண்டும்.