சென்னைக்கு வானொலி கொண்டுவந்த நண்பர்கள்



வானொலிப் பெட்டியைத் திருகினால் பாட்டு வருகிறது. சென்னையில் முதன்முதலில் வானொலி நிகழ்ச்சியை ஒலிபரப்பியது யார் தெரியுமா? அரசாங்கமா? பெரிய கம்பெனியா? இரண்டும் இல்லை. ஆர்வம் கொண்ட சில நண்பர்கள்!

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, 1924 மே 16-ஆம் தேதி மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அவர்கள் எல்லாம் 'அமெச்சூர்'கள். அதாவது, சம்பளத்துக்காக இல்லாமல் ஆசைக்காக ஒரு வேலையைச் செய்பவர்கள். ஜூலை 31-ஆம் தேதியே ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. இரண்டரை மாதத்தில் சாதித்துவிட்டார்கள்!

முதலில் அவர்களிடம் இருந்த ஒலிபரப்புக் கருவியின் திறன் வெறும் 40 வாட். ஒரு சின்ன குண்டு பல்பின் அளவுதான்! பிறகு 200 வாட் கருவி வந்தது. இசையும் பேச்சும் காற்றில் மிதந்தன.

கல்லில் கேட்ட பாட்டு

அந்தக் காலத்தில் வானொலி ஆர்வலர்கள் தாங்களே செய்துகொண்ட எளிய கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் கிரிஸ்டல் செட். உயரத்தில் கட்டிய நீளமான கம்பி வானொலி அலையைப் பிடிக்கும். கம்பிச்சுருள், வேண்டிய நிலையத்தைப் பிரித்துக் கொடுக்கும். கலீனா என்னும் ஈயத்தாதுக் கல்லின் மேல் மெல்லிய கம்பி முனையால் தொட்டுத் தொட்டு, ஒலி கேட்கும் இடத்தைத் தேட வேண்டும். இதற்கு மின்சாரம் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். அலையில் வரும் ஆற்றலே போதும்! ஆனால், ஒலி மிகவும் மெல்லியது. காதில் கருவியை மாட்டிக்கொண்டவருக்கு மட்டும்தான் கேட்கும். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்!

மூடியது கிளப், நிற்கவில்லை ஒலி

ஆசை மட்டும் போதுமா? ஒலிபரப்பு, செலவு பிடிக்கும் வேலை. பணத் தட்டுப்பாட்டால் 1927 அக்டோபரில் கிளப் ஒலிபரப்பை நிறுத்திவிட்டது. மூன்றே ஆண்டுகள்! நண்பர்களுக்கு எவ்வளவு வருத்தமாக இருந்திருக்கும்?

ஆனால், கருவியை மூலையில் போட்டுத் துருப்பிடிக்க விடவில்லை அவர்கள். சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி மாநகராட்சியின் ஒலிபரப்பு தொடங்கியது. தினமும் மாலையில் இசை நிகழ்ச்சிகள். பள்ளி நாட்களில் மாலை 4 மணி முதல் 4.30 வரை மாணவர்களுக்கு இசைப் பாடமும் கதைகளும்! மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைத்தார்கள். பெட்டி வாங்க முடியாத ஏழைகளும் காற்று வாங்கிக்கொண்டே பாட்டுக் கேட்டார்கள். ஒருவர் காதில் மட்டும் கேட்ட ஒலி, ஊருக்கே கேட்டது. 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

என் சிறு வயதில் எங்கள் ஊர்ப் பூங்காவிலும் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. மாலையானால் அங்கே ஓடிவிடுவேன். அந்த ஒலிபெருக்கிக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

இன்றைய ஹாம்கள்

இன்றும் அமெச்சூர் வானொலிக் கழகங்கள் உண்டு. உறுப்பினர்களை 'ஹாம்' என்று அழைப்பார்கள். இவர்கள் பாட்டு ஒலிபரப்பக் கூடாது. ஒருவரோடு ஒருவர் பேசலாம், சோதனைகள் செய்யலாம். ஒவ்வொருவருக்கும் தனி அழைப்புக் குறி உண்டு. அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேயரில் இருந்தது. பொழுதுபோக்குக்காகப் போனவர்கள், உடனே உதவியில் இறங்கினார்கள். அந்தமானில் இருந்தவர்களைப் பற்றிய செய்திகளை, தவித்துக்கொண்டிருந்த உறவினர்களுக்கு வானொலி வழியே சேர்த்தார்கள்.

ஹாம் ஆக, மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். 12 வயது நிறைந்தால் போதும். உங்களில் பலருக்கு அந்த வயது ஆகிவிட்டதே!

அதுவரை? அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு, நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கிரிஸ்டல் செட் செய்து பாருங்கள். மின்கம்பிக்கு அருகில் மட்டும் கம்பி கட்டாதீர்கள். இடி மின்னல் நேரத்தில் தொடாதீர்கள். செய்து முடித்ததும், காதுக்கருவியைப் பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுக்க மறக்காதீர்கள், சரியா?