நுகர்ந்தவர்கள் யார்?
பாதரசமும் பவுடர் டப்பாவும்

1

"சோப்ப மாத்திட்டா முதலாளித்துவம் செத்துருமா தோழர்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பன்னாட்டு நிறுவனப் பொருட்களைப் புறக்கணிப்பது பற்றி ஒரு கூட்டத்தில் பேசிவிட்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

நண்பரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 'நுகர்வோர்' என்பது நாம் தேடிப்போன அடையாளம் அல்ல, சந்தை நம்மேல் ஒட்டிய சீட்டு. தொழிலாளி இயந்திரத்தை நிறுத்தலாம். விவசாயி விதைக்க மறுக்கலாம். நுகர்வோரிடம் இருப்பது 'வாங்க மாட்டேன்' என்ற ஒரே சொல். அதையும் பை கனமானவன் சத்தமாகச் சொல்லலாம். வாங்கவே காசில்லாதவன் எதைப் புறக்கணிப்பது? எனவே இது நடுத்தர வர்க்கம் தன் மனச்சாட்சிக்குச் செய்துகொள்ளும் சில்லறைச் சேவை என்ற விமர்சனத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இயந்திரமே நின்றுபோன இடத்தில் என்ன செய்வது? ஆலையை மூடிவிட்டுக் கம்பெனி போய்விட்டது. நோய் மட்டும் உடம்பில் இருக்கிறது. வேலைநிறுத்தம் செய்ய வேலையே இல்லை. இந்தக் கேள்வியோடுதான் கொடைக்கானலை வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இயங்கிவந்த ஒரு தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டு, அதன் இயந்திரங்கள் 1983இல் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தன. கொண்டுவந்தது பாண்ட்ஸ். பாதரசம் அமெரிக்காவிலிருந்து வந்தது. செய்த தெர்மாமீட்டர் திரும்ப அங்கேயே போனது. இங்கே தங்கியது உடைந்த கண்ணாடியும் ஆவியும். 1987இல் பாண்ட்ஸின் தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்க, ஆலையும் அந்தக் குடும்பத்துக்குள் வந்தது.

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. மூச்சோடு போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். கை நடுங்கும், ஈறு கசியும், ஞாபகம் தப்பும். இன்னொரு குணமும் உண்டு. அரசியலாக அதுதான் முக்கியம். உடம்புக்குள் போன பாதரசத்தின் பெரும்பகுதி சில மாதங்களில் வெளியேறிவிடும், அது செய்த கேடு தங்கிவிடலாம். வருஷம் கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் ஒன்றும் இருக்காது. 'சான்று இல்லை' என்று சொல்வது சுலபம். சான்றே ஆவியாகிப் போகிற குற்றம் இது.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. குப்பை வடக்கிலிருந்து தெற்கே வருவதுதான் உலக வழக்கம். இங்கே அது வந்த வழியே திரும்பிப் போனது. போகாமல் நின்றது இரண்டு: ஆலை மண்ணில் ஊறிய பாதரசம், ஆலையில் வேலை பார்த்த மனிதர்கள். கீழே பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் வைகைப் படுகைக்குப் போகிறது.

முன்னாள் தொழிலாளர்கள் சங்கம் வைத்து 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தங்கள் ஆலை வேலையால் எவருக்கும் உடல்நலக் கேடு வரவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. வழக்கு நடந்தது. ஆண்டுகளும் நடந்தன.

3

2015 ஜூலை இறுதியில் ஒரு பாட்டு வந்தது. சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப். மெட்டு அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் 'அனகோண்டா'. சில வாரங்களில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். மெட்டுக்குச் சொந்தக்காரியே அதைப் பகிர்ந்தார். யூனிலீவரின் தலைமை நிர்வாகி பால் போல்மனே பதில் சொல்ல வேண்டி வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தீர்வுக்கு முன்பிருந்தே முயன்றுவருவதாக நிறுவனம் சொன்னது. இருக்கட்டும். முயற்சிக்கு வேகம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

கொடைக்கானல் தெர்மாமீட்டரை வாங்கியவர்கள் கடல் கடந்து இருந்தார்கள். ஆலை மூடிய பிறகு அவர்களும் இல்லை. அந்தப் பொருளைப் புறக்கணிக்க ஆளே கிடையாது. ஆனால் தெர்மாமீட்டர் செய்த அதே பெயர்தான் எங்கள் வீட்டு மர அலமாரியில் பவுடர் டப்பாவாக உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு அந்த வாசனைதான் 'வெளியே கிளம்புவது'. பெருநிறுவனம் இன்று விற்பது சோப்பை மட்டும் அல்ல, தன் பெயரையும்தான். சோப்பை யாரும் காய்ச்சலாம். பெயரின்மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கையைக் காய்ச்ச முடியாது. அதைக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்ட வேண்டும். எனவே நிறுவனத்துக்கு அதிகம் வலிக்கும் இடமும் அதுவே. அந்தப் பாட்டு தொட்டது விற்பனையை அல்ல, பெயரை.

இளைஞர்கள் ஏன் இதைச் செய்ய முடிந்தது? விளம்பரத்தின் மொழி அவர்களுக்குத் தாய்மொழி மாதிரி. மெட்டு, வெட்டு, நக்கல் எல்லாம் நிறுவனங்களே பழக்கிக் கொடுத்தவை. விளம்பரத்தின் பிரதியை எடுத்து விளம்பரத்துக்கு எதிராகவே திருப்பி எழுதினார்கள். நிறுவனத்தின் நாளைய வாடிக்கையாளரும் நாளைய ஊழியரும் அவர்களே. அவர்கள் முகம் சுளித்தால் கம்பெனிக்குப் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் பாட்டை மட்டும் கொண்டாடினால் வரலாற்றைத் திரித்தவர்களாவோம். சங்கக் கூட்டம், மருத்துவப் பட்டியல், நீதிமன்ற வாசல் என்று பதினான்கு ஆண்டுகள் காத்த காகிதக் கட்டுகள் இல்லையென்றால் பாடுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

4

இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஏழை நாடுகளில் பால்பவுடர் விற்ற விதத்தை விமர்சித்து 1974இல் பிரிட்டனில் ஒரு சிறு பிரசுரம் வந்தது. அதை 'நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது' என்ற தலைப்பில் ஜெர்மனில் போட்ட சுவிஸ் இளைஞர்கள்மேல் நெஸ்லே அவதூறு வழக்குப் போட்டது. 1976இல் நிறுவனம் ஜெயித்தது. அபராதம் ஆளுக்கு 300 பிராங்க். கூடவே, விளம்பர முறையை மாற்றிக்கொள்ளச் சொல்லி நீதிபதி நிறுவனத்துக்கே புத்தி சொன்னார். ஜெயித்தவன் தோற்ற வழக்கு. 1977இல் அமெரிக்காவில் புறக்கணிப்பு தொடங்கியது. 1981இல் உலக சுகாதார சபை தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனைக்கான நெறிமுறையை ஏற்றது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்றே ஒன்று, அமெரிக்கா. நெஸ்லே அதை ஏற்பதாகச் சொல்ல, 1984இல் புறக்கணிப்பு நிறுத்தப்பட்டது. சொன்னபடி நடக்கவில்லை என்று 1988இல் மறுபடி தொடங்கியது. 1992இல் இந்தியா தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இதிலிருந்து தெரிவது: கோபம் சட்டமாக உறையும்வரைதான் போராட்டத்துக்குப் பலன் நிற்கும். உறைவதற்கு முன் வீட்டுக்குப் போனால், நிறுவனம் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

5

தமிழ் படித்தவன் என்பதால் 2016 உடன்பாட்டில் எனக்கு ஒரு சொல் உறுத்துகிறது. நிறுவனம் கொடுத்தது 'இழப்பீடு' அல்ல. 'மனிதாபிமான அடிப்படையில்' கருணைத்தொகை. எவ்வளவு என்று ஊருக்குச் சொல்லப்படவும் இல்லை. இழப்பீடு என்றால் இழக்கவைத்தவர் ஒருவர் உண்டு. கருணை என்றால் கொடுப்பவர் மட்டும்தான் உண்டு. பணம் வந்தது, பொறுப்பு வரவில்லை. பெயரைக் காக்கக் கொடுத்த காசு, பெயரைக் கறைபடாமல் வைக்கும் சொல்லோடுதான் வரும். பெயரைத் தாக்கும் போராட்டத்தின் எல்லையும் இங்கேதான் இருக்கிறது.

மண்ணும் அப்படியே. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவுகோலுக்குச் சுத்தம் செய்வதாக ஏற்பாடு இருந்தது. பணக்கார நாட்டில் இப்படி விடுவீர்களா என்று கேட்டு 2018இல் சோஃபியாவோடு டி.எம்.கிருஷ்ணாவும் சேர்ந்து இன்னொரு பாட்டு வந்தது. முதல் பாட்டுக்கு வந்த கூட்டம் இதற்கு வரவில்லை. மனித முகத்துக்கு இரங்குகிற நாம், மண்ணின் மில்லிகிராமுக்கு இரங்குவதில்லை. அங்கே பாட்டோடு கூட அளவுமானியும் சட்டப் புத்தகமும் தெரிந்தவர்கள் உட்கார வேண்டியிருக்கிறது.

நண்பருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். சோப்பை மாற்றினால் முதலாளித்துவம் சாகாது தோழர். ஆனால் 'நுகர்தல்' என்ற சொல்லை நம் மொழியில் கொஞ்சம் பாருங்கள். அனுபவிப்பதும் நுகர்தல்தான், மூச்சில் இழுப்பதும் நுகர்தல்தான். வினைப்பயனை நுகர்வது என்றும் சொல்வோம். பவுடர் வாசனையை நுகர்ந்த நாங்களும், பாதரச ஆவியை நுகர்ந்த அவர்களும் ஒரே பெயரின் இரண்டு முனைகளில் இருந்தோம். இருவருக்கும் அது தெரியக் கூடாது என்பதில்தான் அந்த வியாபாரமே நடந்தது. இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டுவதற்குப் பெயர் புரட்சியா, எனக்குத் தெரியாது. கட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பது தெரியும்.