'அண்ணன் எப்படி இருக்கான்?' சரி... நீ எப்படி இருக்கே?

உங்க கிளாஸ்லயும் ஒருத்தி இருப்பா. டூர்னா 'வீட்ல விட மாட்டாங்க'ம்பா. கேன்டீன்ல போன் அடிச்சா பாதி தோசையோட எழுந்து ஓடுவா. 'ஓவரா சீன் போடறா'ன்னு நாமளும் பேர் வெச்சிருப்போம்.

கொஞ்சம் பொறுங்க பாஸ்! அவ அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் இருக்கலாம். அவன் தூங்கினாத்தான் அவளுக்கும் தூக்கம்னு இருக்கலாம்.

ஸ்கிசோஃப்ரினியாங்கற இந்த நோய் பெரும்பாலும் டீன் ஏஜ் கடைசியிலிருந்து முப்பது வயசுக்குள்ளதான் தலைகாட்டும். அதாவது, நம்ம வயசு. யாருமே இல்லாதப்போ காதுல குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் சதி பண்றார்னு தோணும். மருந்து இருக்கு. தேறி வேலைக்குப் போறவங்களும் இருக்காங்க. ஆனா, வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கறது, மாத்திரை வேணாம்னு அடம்பிடிச்சா சமாளிக்கறது, சொந்தக்காரங்க கேள்விக்குப் பதில் சொல்றது... இதெல்லாம் வீட்டு ஆளுங்க தலையிலதான்.

1950-களின் கடைசியில லண்டன்ல ஜார்ஜ் பிரவுன்ங்கற சமூகவியலாளர், ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனவங்களை ஆராய ஆரம்பிச்சார். அந்த வழியில தொடர்ந்த ஆய்வுகள்ல தெரிஞ்ச விஷயம்: ஓயாத திட்டும் வெறுப்பும் இருக்கிற வீட்ல நோய் திரும்ப வர்றது அதிகம். உடனே வீட்டுக்காரங்க மேல பழி போட்டுடாதீங்க. மாசக்கணக்கா சரியான தூக்கமில்லாத யாரும் எரிஞ்சு விழத்தான் செய்வாங்க. அவங்களுக்குக் கொஞ்சம் ஓய்வும், நோயைப் பத்தின தெளிவும் கிடைச்சா, அது நோயாளிக்கும் சேர்த்துத்தான் மருந்து!

எங்கே கிடைக்கும்? டாக்டர் சாரதா மேனன் 1984-ல சென்னையில ஆரம்பிச்ச 'ஸ்கார்ஃப்', நோயாளிகளோட குடும்பத்துக்கும் வழிகாட்டுது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. 2022-ல மத்திய அரசு தொடங்கின 'டெலி மானஸ்' நம்பர் 14416. நடுராத்திரியிலயும் தமிழ்ல பேசலாம், இலவசம். நோயாளிதான் பேசணும்னு இல்லை, பார்த்துக்கறவங்களும் பேசலாம்.

நாம என்ன பண்ணலாம்? 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' டைப் அட்வைஸ் வேண்டாம். 'லூசு'ங்கற வார்த்தையை அவ காதுபட மட்டுமில்ல, எங்கேயுமே விட்டுடலாம். லீவ் போட்ட நாளோட நோட்ஸை அவ கேட்கறதுக்கு முன்னாடியே ஜெராக்ஸ் எடுத்து நீட்டுங்க. மருந்து வாங்கற நாள்ல கூடப் போங்க. வீட்டு விஷயத்தைத் தோண்டாதீங்க. அவளா சொன்னா கேளுங்க, கேட்டதை கேங்ல பரப்பாதீங்க.

எல்லாரும் அவகிட்ட அண்ணனைப் பத்தித்தான் விசாரிப்பாங்க. 'நீ சாப்பிட்டியா, தூங்கினியா?'ன்னு கேட்க ஆள் இருக்காது. நாளைக்கு நீங்க கேளுங்களேன்!