சிறு குடும்பத்துக்கு ஒரு பாண் இயந்திரம்

இலங்கைத் தமிழர் நாவிலே நெடுங்காலமாக வழங்கிவரும் ‘பாண்’ என்னும் சொல் போர்த்துக்கேய மொழி தந்த சொல்லாகும். பாண் வேகும் ‘போறணை’யும் அவ்வழி வந்ததே. புட்டும் இடியப்பமும் வீட்டு அடுப்பிலே ஆக, பாண் மட்டும் எக்காலமும் கடையிலிருந்தே வந்தது. அதற்குக் காரணமும் உண்டு. பாணுக்குரிய மாவை நெடுநேரம் வலிந்து பிசைதல் வேண்டும். அது பொங்கும்வரை காத்திருத்தல் வேண்டும். பின்னர் நாற்புறமும் வெப்பம் சூழ வேகவைத்தல் வேண்டும். பெரும் போறணையை மூட்டி நூறு பாண் சுடுபவருக்கு இவ்வுழைப்புக் கட்டுப்படியாகும். ஒரே பாண் வேண்டும் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. வீட்டுக்கும் கடைக்கும் இடையே இருந்த இந்த வேலைப் பிரிவினையைச் சிறியதொரு மின் இயந்திரம் இன்று மாற்றி வருகின்றது.

பிள்ளைகள் தொலைநாடுகளிற் குடியேறிவிட, முதியோர் இருவரே எஞ்சியிருக்கும் வீடுகள் இந்நாட்டிற் பல. கடையில் வாங்கும் பாண் 450 கிராம் நிறையுடையது. இருவர் உண்டபின் எஞ்சுவது மறுநாட் காய்கின்றது. அதற்கடுத்த நாட் பூஞ்சணம் பிடிக்கின்றது. இத்தகைய வீட்டுக்குப் பாண் இயந்திரம் பயன்தருமா, அன்றி அலுமாரியின் மேலே தூசி படியக் கிடக்கும் மற்றுமொரு பொருளாய் முடியுமா என்பதே கேள்வி. அதற்கு விடைகாண, இயந்திரம் செய்வது எது, செய்யாதது எது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இயந்திரத்தின் அமைப்பு எளியது. பெட்டியொன்றினுள்ளே ஒட்டாப் பூச்சுடைய கலம் ஒன்று. கலத்தின் அடியிலே சுழலும் சிறு துடுப்பு. கலத்தைச் சூழ்ந்து வெப்பச்சுருள். இவற்றை நேரப்படி இயக்கும் மின்னணுக் கட்டுப்பாடு. பொருள்களை இட்டுப் பொத்தானை அழுத்தினால், துடுப்பு மாவைப் பிசையும்; பின் ஓய்ந்து மாவைப் பொங்கவிடும்; மீண்டும் சிறிது சுழன்று காற்றை வெளியேற்றும்; மறுபடி பொங்கியதும் வெப்பச்சுருள் சூடேறிப் பாணை வேகவைக்கும். இவையெல்லாம் நிறைவேற ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மணி நேரமாகும்.

எளியதெனத் தோன்றும் இவ்வேலையை இயந்திரத்துக்குப் பழக்குதல் எளிதாயிருக்கவில்லை. 1985ஆம் ஆண்டளவில், யப்பானின் ஒஸாக்காப் பகுதியிலிருந்த மட்சுஷிட்டா நிறுவனத்தார் வீட்டுப் பாண் இயந்திரமொன்றை ஆக்க முயன்றனர். அவர்களது பாண் மேற்புறம் கருகியது, உட்புறம் வேகவில்லை. கையாற் பிசைந்த மாவையும் இயந்திரம் பிசைந்த மாவையும் ஊடுகதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டும் காரணம் புலப்படவில்லை. அந்நிறுவனத்தைச் சேர்ந்த இக்குக்கோ தனாக்கா என்னும் பெண்மணி, ஒஸாக்காவின் பெயர்பெற்ற தங்கு விடுதியொன்றிலே தலைமைப் பாண் சமைப்பவரிடம் பயிலச் சென்றார். அவர் மாவை வெறுமனே அழுத்தவில்லை, இழுத்து முறுக்கிப் பிசைந்தார் என்பதை உடனிருந்து கண்டார். அதன் பயனாகக் கலத்தின் உட்சுவரிலே சிறு வரம்புகள் அமைக்கப்பட்டன. துடுப்புத் தள்ளும் மா அவ்வரம்புகளிற் பிடிபட்டு இழுபட்டது. பாணும் நன்கு அமைந்தது. ஆகவே, இயந்திரத்தினுள் அடங்கியிருப்பது தொழில் தெரிந்த ஒருவரின் கைப்பழக்கமே எனலாம்.

கையின் வேலையை இயந்திரம் ஏற்றது. கண்ணின் வேலையையும் அளவறியும் வேலையையும் அது ஏற்கவில்லை. ஆதலால் இருவருக்கான வீட்டிலே தராசு ஒன்று இன்றியமையாதது. சிறு பாண் ஒன்றுக்குக் கோதுமை மா 250 கிராம், நீர் 160 மில்லிலீற்றர், சீனி 10 கிராம், உப்பு 4 கிராம், வெண்ணெய் 15 கிராம், உலர்ந்த ஈஸ்ட் 3 கிராம் போதும். பெரும்பாலான இயந்திரங்களில் முதலில் நீரும், பின் உப்பு, சீனி, வெண்ணெய் என்பனவும், மேலே மாவும், மாவின் நடுவிற் குழி செய்து ஈஸ்டும் இடப்படும். இயந்திரத்துடன் வரும் கைந்நூல் வேறு ஒழுங்கு கூறுமாயின் அதனையே பின்பற்றுக.

பிசையத் தொடங்கிப் பத்து நிமிடம் சென்றதும் மூடியைத் திறந்து பார்த்தல் நன்று. மா வழுவழுப்பான உருண்டையாகத் திரண்டு கலத்தின் சுவரை விட்டு நீங்கியிருத்தல் வேண்டும். கலத்தில் ஒட்டிக் குழம்பாயிருந்தால் ஒரு தேக்கரண்டி மாவும், வறண்டு பிளவுபட்டிருந்தால் ஒரு தேக்கரண்டி நீரும் சேர்த்தல் வேண்டும். கோதுமை மா எல்லாம் ஒரே அளவு நீரைக் குடிப்பதில்லை. ஆதலின் எழுதிவைத்த அளவினும் கண்ட காட்சியே மேலானது.

அடுத்துக் கவனிக்கத்தக்கது நாட்டின் வெப்பநிலை. குளிர்நாட்டாருக்கென எழுதப்பட்ட கைந்நூல்கள் இளஞ்சூடான நீரை ஊற்றுமாறு கூறும். மார்கழி மாத நுவரெலியாவுக்கு அது பொருந்தும். சித்திரை மாத யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பொருந்தாது. அங்கு மாவே சூடேறி இருக்கும். பிசையும் உராய்வு மேலும் சூடேற்றும். ஈஸ்ட் என்பது நுண்ணுயிர். வெப்பம் மிகுந்தால் அது விரைந்து பெருகிக் காற்றை உண்டாக்கும். மா அளவுக்கு மீறிப் பொங்கி, வேகும்போது நடுவே குழிந்து விழும். வெப்ப இடங்களிற் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த நீரை ஊற்றுவதும், ஈஸ்டைச் சற்றுக் குறைப்பதுமே இதற்குப் பரிகாரம்.

வீட்டிற் பாண் செய்வோர் பெறும் பெருநன்மை, உள்ளே செல்வது யாதெனத் தெரிந்திருத்தலாகும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகின்றது. இரத்த அழுத்தம் உடையோருக்கு இவ்வளவைத் தம் கையாலேயே அமைத்துக்கொள்ள முடிவது சிறு பேறன்று. எனினும் உப்பை அறவே நீக்குதல் கூடாது. ஈஸ்டின் வேகத்தை அடக்குவதும் மாவின் பசையத்தை உறுதியாக்குவதும் உப்பே. உப்பைக் குறைப்பவர் ஈஸ்டையும் சிறிது குறைத்தல் வேண்டும். குரக்கன் மா சேர்க்க விரும்புவோர் கோதுமை மாவில் ஐந்திலொரு பங்குக்குப் பதிலாக அதனைச் சேர்க்கலாம். அதிற் பசையம் இல்லையாதலால், மிகுந்தால் பாண் கல்லெனக் கனக்கும்.

வெந்த பாணை உடனே கலத்திலிருந்து எடுத்து, ஒரு மணி நேரம் ஆறவிட்டு வெட்டுக. வீட்டுப் பாணிலே பூஞ்சணத்தைத் தடுக்கும் மருந்துகள் எவையும் இல்லை. ஈரமான காற்றில் அது விரைவிற் கெடும். குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண தட்டில் வைத்தால் மாப்பொருள் இறுகிப் பாண் விரைந்து காயும். மறுநாளுக்கு வேண்டாததைத் துண்டுகளாக்கி உறைபெட்டியில் வைத்து, வேண்டியபோது வாட்டி உண்பதே சிறந்தது. இரவிற் பொருளிட்டுக் காலையிற் பாண் பெறும் வசதியும் இயந்திரத்தில் உண்டு. அவ்வாறு செய்யும்போது பாலும் முட்டையும் சேர்த்தலாகாது. வெப்ப இரவில் அவை கெட்டுவிடும்.

சிறு பாண் ஒன்றுக்குச் செலவாகும் மின்சாரம் பொதுவாக அரை அலகுக்கும் குறைவே. ஆனால் மின்சாரம் நின்றால் இயந்திரமும் நிற்கும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாளொன்றில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை இந்நாட்டார் மறவார். சில இயந்திரங்கள் சில நிமிடத் தடையைத் தாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடரும்; பல அவ்வாறு செய்வதில்லை. பொங்கும் வேளையில் மின்சாரம் நின்றால் மாவை வீசிவிட வேண்டியதில்லை. தட்டையாகத் தட்டித் தோசைக்கல்லில் ரொட்டியாகச் சுட்டுக்கொள்ளலாம்.

இயந்திரத்தின் விலையை எண்ணிப் பார்த்தால், மாதம் ஒருமுறை பாண் சுடும் வீட்டுக்கு அது வீண் செலவு. வீதியில் இசையெழுப்பி வரும் பாண் வண்டியே அவர்களுக்குப் போதும். வாரத்தில் இரண்டு மூன்று முறை சுடுவோருக்கும், உப்பும் சீனியும் அளந்துண்ண வேண்டியோருக்கும், மாப் பிசைய வலுவற்ற முதிய கைகளுக்கும் அது உண்மையான துணை. அளவறிந்து வாழ்தல் தமிழர் போற்றிய நெறி. இருவர் உண்பதற்கு இருவருக்கு வேண்டியதை மட்டும் ஆக்கி, ஒரு துண்டும் வீணாகாமல் உண்ணும் வீட்டிலே இவ்வியந்திரம் தன் விலைக்குரிய பயனைத் தரும்.