பிழைகளைப் படிக்கும் அறிவியல்

சத்துவாச்சாரியில் குடியிருக்கும் எனக்குத் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்கள் பலரைத் தெரியும். இயற்பியல் கணக்கைக் கரும்பலகையில் தடையின்றிப் போடுவார்கள். அதையே ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னால் தலை கவிழ்ந்துவிடும். "தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே, சார்!" என்பார்கள். பட்டம் பெற்று ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் அமர்ந்து, வெளிநாட்டு வணிகரோடு பேச நேரும்போதும் இந்த அச்சம் விடுவதில்லை.

இந்தப் பிழைகள் ஏன் தோன்றுகின்றன? இதையும் ஆராய ஓர் அறிவியல் உண்டு. அதுவே பயன்பாட்டு மொழியியல். ஆங்கிலத்தில் முதுகலை என்றதும் நமக்கு ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நினைவுக்கு வரும். இந்தப் படிப்பிலோ, ஒரு மொழி எவ்வாறு கற்கப்படுகிறது என்பதே முதன்மையான பாடப்பொருள்.

ஓர் எளிய சோதனை செய்வோம். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதடுகளுக்கு முன் தொங்கவிட்டு, 'பல்' என்று சொல்லுங்கள். காகிதம் அவ்வளவாக அசையாது. குண்டூசியைக் குறிக்கும் 'பின்' என்ற சொல்லை ஆங்கிலேயர் ஒருவர் சொன்னால், காகிதம் படபடக்கும். ஏன்?

உதடுகள் திறந்த பிறகு குரல்நாண்கள் அதிரத் தொடங்கச் சிறிது நேரம் ஆகிறது. லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற அமெரிக்க அறிஞர்கள் தமிழ் உட்பட 11 மொழிகளில் இந்த இடைவெளியை அளந்து 1964-இல் வெளியிட்டனர். சொல்லின் தொடக்கத்தில் வரும் பகர ஒலிக்கு ஆங்கிலத்தில் ஏறத்தாழ 60 மில்லிநொடி. தமிழிலோ ஏறத்தாழ 12 மில்லிநொடிதான். ஆங்கிலத்தில் குப்பைத்தொட்டிக்கும் 'பின்' என்ற ஒரு சொல் உண்டு. அதன் முதல் ஒலி 'தம்பி' என்பதில் வரும் பகரத்தைப் போன்றது. அதற்குரிய இடைவெளியும் மிகக் குறுகியதே. ஆகவே, நாம் குண்டூசி கேட்டால் ஆங்கிலேயர் செவியில் அது குப்பைத்தொட்டியாக விழக்கூடும்! இது அறிவுக் குறைவன்று. ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு கால வேறுபாடு. அளந்துவிட்டால், பயிற்சியும் கொடுத்துவிடலாம்.

எல்லாப் பிழைகளும் தாய்மொழியால் வருவனவும் அல்ல. 'போ' என்னும் பொருளுடைய 'கோ' என்ற ஆங்கில வினையின் இறந்தகாலம் 'வென்ட்'. ஆங்கிலேயரின் குழந்தையோ பிற வினைகளின் விதியைப் பின்பற்றி, 'கோ' என்பதோடு 'ட்' சேர்த்துச் சொல்லும். பிழைதான்; ஆனால் அந்தக் குழந்தை விதியைக் கண்டுபிடித்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. எடின்பரோவைச் சேர்ந்த பிட் கார்டர் 1967-இல் எழுதிய கட்டுரையில் இக்கருத்தை வலியுறுத்தினார். கற்பவரின் பிழை, அவர் மனத்தில் உருவாகிவரும் இலக்கணத்தைக் காட்டும் சாளரம் என்பது இதன் சாரம்.

இத்துறையில் உலகம் நம்மிடம் கற்றதும் உண்டு. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்ற அறிஞர் பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதிகளை நேரடியாகப் போதிக்காமல், இரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைத் தந்து, அவற்றிலுள்ள புதிர்களை மாணவர்களை ஆங்கிலத்தில் விடுவிக்கச் செய்தார். கவனம் பொருளில் இருக்கும்போது மொழி தானே வந்து சேரும் என்பது அவர் கொள்கை. 1987-இல் இது நூலாக வெளிவந்தது. செயல்வழி மொழிக் கற்பித்தலின் முன்னோடியாக உலகெங்கும் பேசப்படுகிறது.

இப்படிப்பில் ஒலியியல், இலக்கணம், மொழி கற்றலின் உளவியல், பாடநூல் ஆக்கம், தேர்வு முறை ஆகியவை இடம்பெறும். 1958-இல் ஹைதராபாத்தில் மைய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி, 2007-இல் மையப் பல்கலைக்கழகமான ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இத்துறைக்குப் பெயர் பெற்றது.

தமிழ்வழியில் படித்தவருக்கு இங்கு இடமுண்டா என்று தயங்க வேண்டாம். எழுத்துகள் பிறக்கும் இடங்களையும் முயற்சியையும் விளக்கும் பிறப்பியலைத் தொல்காப்பியத்தில் பெற்றிருப்பவர்கள் நாம். இரு மொழிகளையும் உள்ளிருந்து அறிந்தவரே அவற்றின் வேறுபாட்டை நன்கு அளக்க முடியும்.

அடுத்த முறை ஆங்கிலம் பேசும்போது நாக்கு இடறினால் தலை குனியாதீர்கள். அந்தப் பிழையைக் குறிப்பேட்டில் எழுதி, "இது எந்த விதியால் வந்தது?" என்று கேளுங்கள். அக்கேள்வியிலிருந்துதான் இந்த அறிவியல் தொடங்குகிறது.