சுருக்கப் பெட்டகத்திலிருந்து கோப்பை நேரே படித்தல்

பல கோப்புக்களைச் சுருக்கி ஒன்றினுள் அடக்கி வைத்தல் கணினித் துறையிற் பெரிதும் பயின்றுவரும் வழக்காகும். அங்ஙனம் அடக்கியதைப் பெட்டகம் எனலாம். அதனுள்ளிருக்கும் ஒரு கோப்பை வேண்டுவோர் முழுவதையும் விரித்து வட்டிலே பரப்பிய பின்னரே அதனைப் பெறலாகும் எனப் பலர் கருதுவர். அக்கருத்து எல்லாப் பெட்டகங்களுக்கும் பொருந்துவதன்று.

1989ஆம் ஆண்டில் பில் காற்ஸ் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட சிப் அமைப்பை நோக்குக. இதன்கண் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே சுருக்கப்படும். யாவற்றுக்கும் உரிய அட்டவணை பெட்டகத்தின் ஈற்றிலே வைக்கப்படும். கோப்பின் பெயர், சுருங்கிய அளவு, விரிந்த அளவு, தொடங்கும் இடம், சரிபார்ப்பு எண் ஆகியன அதிற் காணப்படும். ஆதலின், படிக்கும் நிரல் முதலிற் கடைப்பகுதியை நோக்கி அட்டவணையை அறிந்து, வேண்டிய கோப்பு உள்ள இடத்துக்கு நேரே செல்லும். ஏனைய கோப்புக்களை விரிக்க வேண்டுவதில்லை.

தார் பெட்டகத்தை ஜிசிப் முறையாற் சுருக்கியவிடத்து நிலைமை வேறாகும். முன்னர் வந்த தொடர் மீண்டும் வருமாயின் அதனை எழுதாது, முன்வந்த இடத்தைச் சுட்டி அமைவதே இச்சுருக்கத்தின் அடிப்படை. லெம்பெல், சிவ் என்னும் அறிஞர் இருவர் 1977இல் இம்முறையை வெளியிட்டனர். தாரிற் கோப்புக்கள் யாவும் ஒரே தொடராகச் சுருங்குதலின், இறுதியிலுள்ளதைப் பெற முன்னுள்ள அனைத்தையும் விரித்துக் கடத்தல் வேண்டும்.

பைதன் மொழியில் இப்பணிக்குச் சிப்பைல் என்னும் தொகுதி உளது. பெட்டகத்தைத் திறந்து, நேம்லிஸ்ற் என்னும் கட்டளையாற் பெயர்களை அறிந்து, ஓபன் என்னும் கட்டளைக்கு ஒரு பெயரைக் கொடுப்பின், அக்கோப்பைச் சிறிது சிறிதாகப் படிக்கலாம். வட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. கிடைப்பன பைற்றுக்களாதலின், தமிழ் எழுத்தாகக் காண யூரிஎப்-8 முதலிய உரிய குறிமுறையால் மாற்றல் வேண்டும். டொக்எக்ஸ் ஆவணமும் உண்மையில் ஒரு சிப் பெட்டகமே. அதன் உரைப்பகுதியையும் இவ்வாறே படிக்கலாம்.

எனினும், இருவகை இடர்கள் இம்முறையோடு கூடவே வருவன. சரிபார்ப்பு எண், கோப்பை இறுதிவரை படித்த பின்னரே ஒப்பிடப்படும். இடையில் நிறுத்தியவர் பெற்ற பகுதி பழுதற்றது என்பதற்கு உறுதியில்லை. மேலும், அட்டவணை ஈற்றிலிருத்தலின், பிரதிசெய்யும்பொழுது கடைப்பகுதி அறுந்த பெட்டகத்தைப் பைதன் திறக்க மறுக்கும். உள்ளிருக்கும் கோப்புக்களிற் பல கெடாதிருப்பினும் அவை எளிதிற் கைக்கு எட்டா. விரைந்து படிக்க உதவும் அமைப்பே இழப்புக்கும் வாயிலாதல் காண்க.

ஆகவே, பெட்டகத்தை நம்பி மூலக் கோப்புக்களை அழிக்க எண்ணுவோர், ரெஸ்ற்சிப் என்னும் கட்டளையைக் கொண்டு உள்ளவை யாவற்றையும் ஒருமுறை சோதித்தல் கடனாகும். ஒன்றை மட்டும் படித்துப் பார்த்து மற்றவையும் நலமென்று கொள்ளுதல் அறிவுடைமையாகாது.