ஓசை நுழையும் வழியே நச்சும் நுழையும்

பழைய மோட்டார் கார்களைப் பேணி ஓட்டும் வழக்கம் நம் நாட்டில் இன்னமும் அருகிப் போய்விடவில்லை. மட்டக்களப்பு வாவிக் கரையோரத்தில், ஏறாவூர் தொடக்கம் களுவாஞ்சிக்குடி வரையான ஊர்களிலும் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற வாகனங்களை இடையிடையே காணலாம். 1948 இல் அறிமுகமாகி 1971 வரை பிரித்தானியாவில் உற்பத்தி செய்யப்பட்ட மொரிஸ் மைனர், எளிய இயந்திர அமைப்பினால் இங்கு பலரது விருப்புக்குரியதாயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய கார்களின் விலையோ சாதாரண குடும்பங்களுக்கு எட்டாததாகவே உள்ளது. எனவே வீட்டிலுள்ள பழைய வாகனத்தைத் திருத்தி ஓட்டுவது பலருக்கு ஆசை மட்டுமன்றித் தேவையுமாகும்.

இவ்வாறு திருத்துவோரின் முதல் முறைப்பாடு இரைச்சலாகும். கராஜுக்குச் சென்று தரையிலும் கதவிலும் ஏதேனும் தடித்த விரிப்பை ஒட்டுவிக்கின்றனர். இரைச்சல் சற்றுக் குறைந்ததும் வேலை முடிந்ததாகக் கருதுகின்றனர். இரைச்சலோடு சேர்ந்து உள்ளே வரும் புகையைப் பற்றி எவரும் அதிகம் சிந்திப்பதில்லை. உண்மையில், இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே வழியாகவே உள்ளே வருகின்றன.

ஒலி இரண்டு விதமாக வாகனத்தினுள் வருகிறது. இயந்திரத்தினதும் ரயரினதும் அதிர்வு தகரத்தின் ஊடாகப் பரவுவது ஒன்று. துவாரங்கள், இடுக்குகள் வழியே வளியுடன் நேரடியாக நுழைவது மற்றொன்று. ஒரு தடுப்பின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், எஞ்சிய பகுதி எத்துணைத் தடிப்பாக இருந்தாலும் அத்தடுப்பினால் ஏறத்தாழ 20 டெசிபெலுக்கு மேல் ஒலியைக் குறைக்க முடியாது என்பது ஒலியியல் கணக்கு. எனவே விரிப்புக்குச் செலவிடுமுன் துவாரங்களைத் தேடுவதே அறிவுடைமை. ஒலி வரும் அத்துவாரங்களினூடாகவே காபனோரொட்சைட்டு வாயுவும் வருகிறது.

காபனோரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் இது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் அதிக நாட்டத்துடன் இணைகின்றது. தலைவலி, குமட்டல், மயக்கம், தூக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். பயணத்தில் இவை ஏற்படும்போது, “காரில் போனால் பிள்ளைக்குச் சத்தி வரும்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குழந்தைகள், கர்ப்பிணிகள், இருதய நோயாளர் ஆகியோரை இது விரைவாகப் பாதிக்கும். இக்காலக் கார்களில் நச்சுவாயுவைக் குறைக்கும் ஊக்கிக் கருவி புகைக்குழாயில் உண்டு. பழைய கார்களில் அது கிடையாது.

போர்க்காலம் புகையைச் சகித்துக்கொள்ள நம்மைப் பழக்கியது என்பதையும் மறுப்பதற்கில்லை. 1990களின் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அன்று அது வாழ்வதற்கான உபாயம். புகை மணப்பது பழைய காரின் இயல்பு என்ற எண்ணம் இன்றும் நீடிப்பதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

ஆகவே வேலையின் ஒழுங்கு மிக முக்கியமானது. முதலாவது, புகைக்குழாய். இயந்திரம் குளிர்ந்திருக்கையில் திறந்த வெளியில் அதனை இயக்கி, குழாயின் பொருத்துக்களில் கறுப்புக் கரி படிந்துள்ளதா, சீறும் ஒலி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இயந்திரத்துடன் குழாய் இணையும் இடத்திலுள்ள கஸ்கட்டும் சைலன்சரும் பழுதற்று இருத்தல் அவசியம். இரண்டாவது, இயந்திரத்தின் உட்புகை. தேய்ந்த பிஸ்டன் வளையங்களைக் கடந்துவரும் வாயு, பழைய இயந்திரங்களில் ஒரு குழாய் வழியே வெளியே விடப்படுகிறது. அக்குழாய் அடைபட்டாலோ கழன்றாலோ புகை பொனற்றின் கீழ்த் தேங்கி உள்ளே வரும். பெற்றோல் தாங்கியின் மூடி, குழாய்கள் ஆகியவற்றில் கசிவு உண்டா என்பதும் இவ்வேளையில் கவனிக்கத்தக்கது.

மூன்றாவதாகவே துவாரங்களை அடைத்தல் வரும். இரவில் இயந்திரப் பகுதியினுள் பிரகாசமான டோர்ச் ஒன்றை வைத்துவிட்டு, காரினுள் குனிந்து பாருங்கள். மிதிகளின் அடியிலும், வயர்கள் நுழையும் இடங்களிலும், கியர் தண்டின் அடியிலும் வெளிச்சம் கசிந்தால், அவையே ஓசையும் நச்சும் வரும் வாயில்கள். றப்பர் வளையங்களைப் புதிதாக இடுவதற்கு அதிகம் செலவாகாது. கதவுக்கும் டிக்கிக்கும் உள்ள றப்பரைச் சோதிக்க, ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் எளிதாக வந்தால் றப்பர் பயனற்றது.

டிக்கி பற்றித் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஓடும் காரின் பின்புறத்தில் வளியமுக்கம் குறைவதால், புகை திரும்பி உள்ளே இழுக்கப்படுகின்றது. அரிசி மூடைகளையோ மீன் பெட்டிகளையோ ஏற்றி, டிக்கியைத் திறந்தபடி கயிற்றால் கட்டிக்கொண்டு ஓடுவது நம் பகுதியில் வழமையான காட்சி. பின் ஆசனத்தில் குழந்தைகள் இருக்கையில் இவ்வாறு செய்வது பேராபத்தாகும்.

இவற்றின் பின்னரே விரிப்புகள். அதிரும் தகரத்தில் பிசின் தன்மையுள்ள பியூற்றைல் தகடுகளை ஒட்டலாம். பரப்பு முழுவதையும் மூட வேண்டியதில்லை; ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மூடினாலே அதிர்வு பெருமளவு அடங்கும். கூரைக்குப் பயன்படுத்தும் தார்த் தகடு மலிவானதாயினும் நம் வெயிலில் இளகி மணக்கும். ரெஜிபோம் ஒலியைத் தடுக்காது, எளிதில் தீப்பற்றும். தும்பு, பஞ்சு போன்றவை நீரை உறிஞ்சித் தேக்கும். உப்புக் காற்றும் மார்கழி வெள்ளமும் உள்ள வாவிக்கரையில் இது தரைத் தகரத்தை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த தரையில் மீண்டும் துவாரங்கள் தோன்றும். ஆகவே நீர் உறிஞ்சாத, கழற்றி உலர்த்தக்கூடிய விரிப்பே உகந்தது. கதவின் அடியிலுள்ள நீர்வடி துவாரங்களையும், தூய வளி வரும் வழியையும் ஒருபோதும் அடைக்கலாகாது.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் விளைவு விபரீதமாகும். பழுதான புகைக்குழாயுடன் கூடிய காரின் இடுக்குகளை அரைகுறையாக அடைத்து, கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டால், உள்ளே வந்த வாயு வெளியேற வழியின்றித் தங்கிவிடும். இரைச்சலாவது ஏதோ கோளாறு உண்டென்று எச்சரித்துக்கொண்டிருந்தது. அமைதியான கார் அந்த எச்சரிக்கையையும் தராது. பயணத்தில் பலருக்கும் ஒரே வேளையில் தலைவலி ஏற்பட்டால், உடனே நிறுத்தி, அனைவரும் வெளியேறி, வைத்தியசாலையை நாட வேண்டும்.

திருமண வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் நம் மக்களை ஏற்றிச் சென்ற வாகனங்கள் இவை. இவற்றைப் பேணுவது பாராட்டுக்குரியது. ஆயினும் கராஜுக்குச் செல்லும் உரிமையாளர், “சத்தத்தைக் குறைத்துத் தாருங்கள்” என்று கேட்குமுன், “புகை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்” எனக் கேட்பாராக. அதனைக் கண்டு திருத்திய காரில் இரைச்சலும் பெருமளவு குறைந்திருக்கும்.